ஒரே இன்ஜின், இரண்டு நிற பிளக்

ராஜ்தூத் 350 (இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் பைக்) ஓட்டும் நண்பர்களே, ஒரு ஸ்பார்க் பிளக் சரியான காப்பிப்பொடி நிறத்திலும் இன்னொன்று வெளுத்தும் இருந்தால் தயவுசெய்து வண்டியை அப்படியே ஹைவேயில் விரட்டாதீர்கள். வெளுத்த சிலிண்டர் லீனாக, அதாவது காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் ஓடுகிறது. சூடு ஏறினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஒரு பிளக் மட்டும் கருத்திருந்தால் உடனே கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைக் கழற்றவும் வேண்டாம். முதலில் பிளக்குகளை இடம் மாற்றிப் பாருங்கள். கருப்பு அதே சிலிண்டரிலேயே நின்றால் ஸ்பார்க் தரும் அந்தப் பக்கத்து பாயின்ட், காயிலைச் சோதியுங்கள். ஸ்பார்க் பலவீனமானாலும் பிளக் கருக்கும், நாம் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருப்போம். அப்புறம்தான் கார்புரேட்டர் மிதவை மட்டம், சரியாக மூடாத சோக். ஆக்சிலரேட்டரைத் திருகும்போது இரண்டு கார்புரேட்டர் ஸ்லைடும் ஒரே நேரத்தில் தூக்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

எனக்கு அதிக பயம் வெளுத்த பக்கம்தான். 1983-ல் எஸ்கார்ட்ஸ் இறக்கிய வண்டி இது, ரப்பருக்கு வயசாகிவிட்டது. கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரில் மெல்லிய வெடிப்பு இருந்தாலே காற்று உள்ளே போகும். அது நன்றாக இருந்தும் இடது சிலிண்டர் வெளுத்தால், ஆல்டர்னேட்டருக்குப் பின்னால், காற்று உள்ளே போகாமல் தடுக்கும் கிராங்க் சீலைச் சந்தேகப்படுங்கள். வலது சீல் போனால் கதை வேறு: கியர் ஆயிலை உறிஞ்சி, ஓயாமல் வெள்ளைப் புகை கக்கும்.

நல்ல இன்டேக் ரப்பர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், தேடும் நண்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.