தேர்வு அறையில் மூச்சு: குரூப் 4 எழுதுபவர்களுக்கு

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்விக்கு 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 விநாடி. பாளையங்கோட்டையில் ஏதோ ஒரு பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் புரட்டும்போது, நூறு முறை படித்த குறள்கூடப் புதுசாகத் தெரியும். "மூச்சை நல்லா இழுத்து விடு" என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அக்கறையான பேச்சுதான். ஆனால் படபடப்பைத் தணிப்பது நீளமாக விடுகிற மூச்சு.

மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும். விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதைக் குறைக்கும். அதனால் விடும் நேரம் நீள நீள நெஞ்சு அடங்கும். மாறாக, பெரிது பெரிதாக வேகமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்ப வேண்டிய விரல் அது.

ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். முதல் வாரம் படுத்துக்கொண்டே செய்யலாம். பாயில் மல்லாந்து, முழங்காலை மடக்கி, தொப்புளுக்கு மேல் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை வையுங்கள் (எப்படியும் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கும்). மூக்கால் இழுக்கும்போது புத்தகம் மெல்ல எழும்ப வேண்டும், விடும்போது இறங்க வேண்டும். புத்தகம் அசையாமல் தோள் மட்டும் காதுப் பக்கம் ஏறினால் மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடுகிறது என்று பொருள். இறுக்கிய பெல்ட்டும் பாவாடை நாடாவும்கூட வயிற்றை எழும்ப விடாது, தளர்த்திவிட்டுப் பாருங்கள்.

அடுத்த வாரம் சம்மணமிட்டு அல்லது நாற்காலியில். 4 எண்ணி இழுங்கள், 6 எண்ணி விடுங்கள். ஒரு மூச்சுக்கு 10 விநாடி. ஒவ்வொரு மூச்சுக்கும் கட்டைவிரலை ஒரு விரல் கணுவில் வையுங்கள். நாலு விரலுக்கும் சேர்த்து 12 கணு. ஒரு சுற்று முடிந்தால் 2 நிமிடம். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு சுற்று, இரவு படுக்கும்முன் இரண்டு சுற்று. சுற்று முடிந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டு, மூக்கு நுனியில் காற்று வந்து போவதை மட்டும் 5 நிமிடம் கவனித்தால் அதுவே தியானம். கட்-ஆஃப் நினைவு வரும். வந்தால் சண்டை போடாமல் மூச்சுக்குத் திரும்புங்கள்.

பலருக்கும் சறுக்குகிற இடம் எண்ணிக்கைதான். பதற்றத்தில் எண்ணுவதும் ஓடும். 6 என்று சொல்லி முடிக்கையில் 3 விநாடிதான் ஆகியிருக்கும். முதல் சில நாள் விநாடி முள்ளைப் பார்த்தே எண்ணிப் பழகுங்கள். 6 வரை விட முடியாமல் திணறினால் 3–5 போதும். வயிற்றை எக்கி மூச்சைப் பிழிய வேண்டாம்.

பழைய யோக மரபின் 16–64–32 மாத்திரைக் கணக்கை (16 எண்ணி இழுத்து, 64 எண்ணி அடக்கி, 32 எண்ணி விடுவது) நீங்களாக முயல வேண்டாம். அது ஆசிரியர் பக்கத்தில் இருந்து படிப்படியாகப் பழக வேண்டியது. ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கவே கூடாது. தாமிரபரணிப் படித்துறையில் பையன்கள் புஸ்புஸ்ஸென்று வேகமாக மூச்சுவிட்டு முங்குவதையும் கண்டால் தடுங்கள். மூச்சு முட்டும் உணர்வே வராமல் தண்ணீருக்குள் நினைவு தப்பிவிடும்.

தேர்வு நாளில் பஸ்ஸை விட்டு இறங்கி வேகமாக நடந்து வந்த கையோடு தொடங்காதீர்கள். ஐந்து நிமிடம் வேப்பமர நிழலில் சும்மா உட்காருங்கள். மூச்சு தானாக இறங்கிய பிறகு ஒரு சுற்று. வினாத்தாளுக்குக் காத்திருக்கையில் மூன்று மூச்சு. 30 விநாடி, ஒரு கேள்வியின் நேரம்கூட இல்லை. 25 திறனறிக் கணக்குகளும் முடிந்ததும் இன்னொரு மூன்று.

நடுவில் திடீரென்று நெஞ்சு அடைத்தாற்போல் வந்தால், அழுது ஓய்ந்த குழந்தை மூச்சு விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள்: மூக்கால் ஒரு இழுப்பு, விடாமல் அதன் மேலேயே இன்னொரு சிறு இழுப்பு, பிறகு வாய் வழியாக நீளமாக, சத்தமில்லாமல் விடுவது. இரண்டு முறை செய்தால் போதும். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் செய்யுங்கள்.