கத்திரிக்காய்க்கு ஹோலோகிராம் வராது

போன் திரைமேல் பிளாஸ்டிக் பிரமிடு வைத்து ஹோலோகிராம் என்று காட்டுவது பள்ளிக் கண்காட்சிகளில் வழக்கமாகிவிட்டது. அது பிரதிபலிப்பு மட்டுமே. நிஜமான ஹோலோகிராமில் தலையை நகர்த்தினால் பொருளின் பக்கவாட்டும் தெரியும். திரையில் அதைக் கொண்டுவரப் பிக்சல் மிகப் பொடியாக இருக்க வேண்டும். 8 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிக்சல் கொண்ட ஆய்வகப் பேனலில்கூட, சிவப்பு லேசரில் மொத்தம் நாலரை டிகிரிக்குள்தான் படம் தெரியும். 1962-இல் சோவியத் இயற்பியலாளர் யூரி டெனிசியுக் வெளியிட்ட முறையில், ஃபிலிமை ஊடுருவிப் போகும் லேசர் ஒளியும், பின்னாலிருக்கும் பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்ந்து ஃபிலிமுக்குள் அடுக்கடுக்காகப் பதியும். அந்த அடுக்குகளின் இடைவெளி 0.2 மைக்ரான் அளவுதான். வீட்டில் செய்ய இன்றைக்கும் ஃபிலிம்தான் சரி.

5 மில்லிவாட் சிவப்பு லேசர் டையோடு போதும். லென்ஸைக் கழற்றிவிட்டால் ஒளி தானே விரியும். நேராகக் கண்ணில் படவிடாதீர்கள். கழுவத் தேவையில்லாத ஃபோட்டோபாலிமர் ஃபிலிம் வாங்குங்கள். இவ்வளவுக்கும் ஆகும் செலவைவிட, அசையாத இடம் கிடைப்பதுதான் வேலூரில் கஷ்டம். பொருள் ஃபிலிமை நோக்கி 0.16 மைக்ரான் நகர்ந்தாலே பதிவு அழிந்துவிடும். சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலை லாரி, காட்பாடியில் ரயில். இரண்டுமே தரை வழியாக வந்து சேரும்.

அதனால் தரைத்தளம், அதுவும் மேசையில் இல்லாமல் தரையிலேயே. ஸ்கூட்டர் டியூபில் பாதிக் காற்று அடித்து, அதன்மேல் 2 அடிக்கு 2 அடி, ஒரு அங்குல கடப்பா கல். 25 கிலோ வரும். விரலால் அழுத்தினால் கல் மெதுவாக ஆடி அடங்க வேண்டும். டக்கென்று நின்றால் காற்று அதிகம். லேசர், ஃபிலிம், பொருள் மூன்றும் அதே கல்மேல்தான் இருக்க வேண்டும். லேசர் ஸ்டாண்டைத் தனியாகத் தரையில் நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

ஃபேன், ஏசி இரண்டையும் அணைத்து, அட்டைப்பெட்டியால் மூடுங்கள். மே மாதத்தில் பகலெல்லாம் காய்ந்த சுவர் நள்ளிரவிலும் அனல் விடும். அந்தக் காற்றோட்டமே படத்தைக் கெடுக்கும். விடிகாலை 3 மணிதான் நல்ல நேரம். மார்கழியில் இந்தத் தொல்லை குறைவு.

ஒளி ஃபிலிம்மேல் சாய்வாக, செங்குத்திலிருந்து 56 டிகிரியில் விழட்டும். ஃபிலிமைத் தாங்கும் கண்ணாடித் தகட்டில் பட்டுத் திரும்பும் புள்ளி மிக மங்கலாகும் வரை டையோடைத் திருப்பி, அங்கேயே இறுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் படத்தின்மேல் மரத்தின் ரேகை மாதிரி கோடுகள் ஓடும்.

டையோடு சூடேறும்போது அலைநீளம் தாவும். முதலிலேயே 10 நிமிடம் எரியவிடுங்கள். பிறகு கறுப்பு அட்டையால் ஒளியை மறைத்து, மங்கலான நீல வெளிச்சத்தில் ஃபிலிமை வைத்து, 10 நிமிடம் பொறுத்திருங்கள். அட்டையைக் கல்லிலிருந்து லேசாகத் தூக்கி, ஒளியை மறைத்தபடியே 20 விநாடி கையில் பிடியுங்கள். ஆட்டம் அடங்கியதும் முழுதாக எடுங்கள். 5 நிமிடம், பேச்சு மூச்சு கூடாது. மறுபடி மறைத்துவிட்டு, வெள்ளை வெளிச்சத்தில் சில நிமிடம் காட்டினால் பதிவு நிலைக்கும்.

பொருளை ஃபிலிமை ஒட்டியே வையுங்கள். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயை வைத்தால் அதன் இடத்தில் கறுப்பு ஓட்டைதான் கிடைக்கும். கல் மாதிரி அசையாமல் கிடப்பதாகத் தெரிந்தாலும், அந்த 5 நிமிடத்தில் ஈரம் வற்றிச் சுருங்கிவிடும். பூ, துணி, ஆம்பூர் தோல் எல்லாமே அப்படித்தான். பித்தளை விளக்கு, சுட்ட மண் பாண்டம் அருமையாக வரும். பச்சைப் பூச்சு மட்டும் வேண்டாம். சிவப்பு லேசரில் அது இருண்டுபோகும். பொருளில் ஒரு பகுதி மட்டும் கறுத்தால் அந்தப் பகுதி அசைந்திருக்கிறது. எல்லாமே காலியாக இருந்தால் ஃபிலிம் அசைந்திருக்கும், இல்லை அலைநீளம் தாவியிருக்கும்.

டியூப் லைட்டில் பார்த்தால் கலங்கலாகத்தான் இருக்கும், நீளமான விளக்கு ஆயிற்றே. ஒற்றை எல்இடி டார்ச் நல்லது. அதைவிட நல்லது நம் ஊர் வெயில். மொட்டை மாடியில், ஃபிலிமுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்து, லேசர் விழுந்த அதே சாய்வில் வெயில் விழும்படி திருப்பிப் பிடியுங்கள்.