ஆளுக்கு எத்தனை அடி?

பாபநாசம் பக்கத்தில் ஒரு அரிசி ஆலையில் பதினேழு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். நெல் வரவு, தவிட்டு விற்பனை, கரண்ட் பில் என்று எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஆறு வருடம் முன்னால் அதே மேசைக்கு கோல்ஃப் வந்து சேர்ந்தது.

முதலாளி இளவயதில் சிங்கப்பூரில் இருந்தவர். அங்கே தொற்றிய பழக்கம். ஆலைக்குப் பின்னால் குடமுருட்டியை ஒட்டி ஒன்பது ஏக்கர் திடல் சும்மா கிடந்தது. ஓரமாக நாலு வரிசைத் தென்னை, குறுக்கே ஒரு பாசன வாய்க்கால். அதில் ஒன்பது ஹோல் அமைத்தார். அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து பந்து விழ வேண்டிய குழி வரை ஒரு ஹோல். எல்லாமே பந்தை மூன்று முறை அடித்து முடிக்க வேண்டிய குட்டை ஹோல்கள். இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்ற அந்தக் கணக்குக்கு ‘பார்’ என்று பெயர், மொத்தம் 27. புல் வளர்த்துக் கத்தரிக்க ஆளில்லை. அதனால் குழியைச் சுற்றி மணலைப் பரப்பி, லேசாக எண்ணெய் தெளித்து இறுக்கினோம். இந்தியாவில் தண்ணீர் வசதி இல்லாத மைதானங்களில் உள்ள பழைய வழக்கம்தான் இது. குழியைச் சுற்றிப் புல் இருந்தால் அது ‘கிரீன்’, இது மணல் என்பதால் ‘பிரவுன்’ என்பார்கள். ஆடி முடித்தவர் ஒரு சாக்கை இழுத்துக் கால்தடத்தை அழித்துவிட்டுப் போக வேண்டும். சாக்குக்கு எங்களிடம் பஞ்சமில்லை.

ஆனி மாதத்தில் ஆலையில் வேலை குறைவு. அந்த மாதக் கடைசி ஞாயிறு, ஊழியர்களுக்கு ஒரு போட்டி என்று முடிவானது. “கணக்குப்பிள்ளை, நீங்களே நடத்துங்க. நம்பர்தானே” என்றார் முதலாளி. நம்பர்தான் என்று நானும் நினைத்தேன்.

முதல் வருடம் யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவரே ஜெயித்தவர். முதலாளி, அவருடைய டாக்டர் நண்பர், ஒரு நெல் வியாபாரி என்று மூன்று பரிசும் ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்களுக்கே போயிற்று. மற்ற முப்பது பேரும் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். அடுத்த வருடம் பெயர் கொடுங்கள் என்றதும் ஒருத்தருக்குத் தங்கைப் பெண்ணுக்குக் காதுகுத்து, இன்னொருத்தருக்கு முதுகுப்பிடிப்பு.

சரி, ஹேண்டிகேப் கொடுக்கலாம் என்றார் முதலாளி. திறமை குறைந்தவருக்கு இத்தனை அடி என்று முன்கூட்டியே கழித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. நான் அதைச் ‘சலுகை’ என்று தமிழாக்கி, ஆளுக்கு எத்தனை என்று என் உத்தேசத்தில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். செய்த தப்பிலேயே பெரிய தப்பு அதுதான். ஃபோர்மேன் நேராக வந்தார். “எனக்கு 18 போட்டிருக்கீங்க, லாரி டிரைவருக்கு 12. நான் என்ன அவரைவிட மட்டமா?” சலுகை வேண்டாம், சும்மாவே ஆடிக்கொள்கிறேன் என்று பெயரை அடிக்கச் சொன்னார்.

பாய்லர் அண்ணனுக்கும் நான் 18 போட்டிருந்தேன். கோல்ஃப் கட்டையையே அதுவரை தொடாதவர். ஆனால் சின்ன வயதில் வலங்கைமானில் கிட்டிப்புள் ஆடிய கை அது. மட்டையைத் தூக்குவதே தெரியாது. மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்குவார், பந்து தாழ்வாகக் கிளம்பித் தென்னை உயரம்கூட எழும்பாமல் போய்க் கொடிப்பக்கம் உட்காரும். 36 அடியில் முடித்தார். 18 கழித்தால் 18. இரண்டாவது வந்தவர் 28. சிரித்துக்கொண்டேதான் மிக்ஸியை வாங்கிப்போனார். மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். 2020-லிருந்து உலகம் முழுக்க ஒரே ஹேண்டிகேப் முறை நடப்பில் இருக்கிறது. கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-ஐ எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். உச்சவரம்பு 54. எங்கள் ஆட்களிடம் 20 ஆட்டத்துக்கு எங்கே போவது? வருடத்துக்கு ஒரு தடவை கட்டையைப் பிடிப்பவர்களுக்கு என்றே ‘பியோரியா’ முறை என்று ஒன்று உண்டு. ஆட்டத்துக்கு முன் சில ஹோல்களை ரகசியமாகக் குறித்து உறையில் வைத்துவிட வேண்டும். 18 ஹோல் மைதானத்தில் வழக்கமாக ஆறு. ஆட்டம் முடிந்தபின் அந்த ஆறில் ஒருவர் எடுத்த அடிகளை மூன்றால் பெருக்கி, பாரைக் கழித்து, மிச்சத்தில் 80 சதவீதம் அவருக்கு ஹேண்டிகேப். ஜப்பானில் கம்பெனிப் போட்டிகளில் இதையே 12 ஹோலுக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஒன்பதுக்கு நான் மூன்று ஹோல் எடுத்துக்கொண்டேன்.

சாக்கு தைக்கிற அக்கா மொத்தம் 55. உறையில் இருந்த மூன்று ஹோலில் 19. மூன்று மடங்கு 57, பார் 27 போக 30, அதில் 80 சதவீதம் 24. ஆக, 55-இல் 24 போக நிகரம் 31. முதலாளி மொத்தம் 34, அந்த மூன்றில் 11, ஹேண்டிகேப் 5, நிகரம் 29. கால்குலேட்டரைத் தட்டிக் காட்டியதும் அக்கா, “முதலாளிக்கும் எனக்கும் ரெண்டுதான் வித்தியாசமா?” என்று கேட்டு அந்தத் தாளையே வாங்கிக்கொண்டு போனார். யார் யாரைவிட மட்டம் என்று நான் எழுதவில்லை, அவரவர் அடித்த அடிதான் எழுதியது. அந்த வருடம் யாரும் சண்டைக்கு வரவில்லை.

ஆனால் ஜெயித்தவர் லாரி டிரைவர், நிகரம் 12. மற்ற ஆறு ஹோலிலும் அழகாக ஆடி 21-இல் முடித்தவர், உறைக்குள் இருந்த மூன்று ஹோலிலும் வாய்க்கால், தென்னை, மறுபடி வாய்க்கால் என்று 7, 8, 7 வாங்கியிருந்தார். கெட்ட நேரத்துக்குக் கிடைத்த போனஸ்! ஒரு ஹோலுக்கு ஆறு அடிக்கு மேல் ஹேண்டிகேப் கணக்கில் சேராது என்று வரம்பு வைத்துப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் அவர்தான், 21. ஒருநாள் கூத்துக்கு பியோரியா போதும். ஒரே ஆட்கள் வருடா வருடம் ஆடினால் போதாது.

அடுத்த வருடத்திலிருந்து ஞாயிறு காலை யார் ஆடினாலும் அடிகளைக் குறித்த அட்டையை என்னிடம் கொடுக்கச் சொன்னேன். கடைசி எட்டு அட்டையில் சிறந்த மூன்றின் சராசரி, அதில் பார் போக மிச்சம் ஹேண்டிகேப். சிறந்ததை மட்டும் எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது: போட்டி நெருங்கும்போது வேண்டுமென்றே மோசமாக ஆடி அடி சேர்ப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கோல்ஃப் உலகத்தில் அவர்களுக்கு மணல்மூட்டை என்று பெயர். எங்கள் ஆலையில் அது தவிட்டுமூட்டை ஆயிற்று. எத்தனை மோசமான அட்டை கொடுத்தாலும் அவர்கள் நல்லபடி ஆடிய மூன்று என் ஃபைலில் இருக்கும்.

‘சலுகை’ என்ற சொல்லையும் எடுத்தேன். ‘கையிருப்பு’ என்று போட்டேன். ஃபோர்மேன் கையிருப்பு 16 என்று எழுதியதை ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றுக்கொண்டார். கையில் கொஞ்சம் இருப்பதை யார் வேண்டாம் என்பார்கள்?

இதிலும் ஒரு இடத்தில் இடித்தது. மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தால் சில நாளில் கல்லணை, அதன்பின் எங்கள் வாய்க்கால். வைகாசியில் காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி அடித்து வாங்கிய அட்டைகளை வைத்துக் கையிருப்பு போட்டேன். போட்டி அன்று வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர். பந்து விழுந்தால் விழுந்ததுதான். தூக்கி அடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை. தரையோடு உருட்டுபவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். பெரிய மைதானங்களில் இதற்கென்றே ஸ்லோப் ரேட்டிங் என்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள், 55-இலிருந்து 155 வரை, நடுத்தர மைதானம் 113. மைதானம் கடினமாக ஆக, கற்றுக்குட்டிக்கு எத்தனை கூடுதலாக வலிக்கும் என்பதற்கான அளவு அது. நான் அந்தக் கணக்குக்கெல்லாம் போகவில்லை. தண்ணீர் வந்தபின் ஆடிய அட்டை மட்டும் செல்லும் என்று விதி போட்டேன். தலைஞாயிறுப் பக்கத்திலிருந்து வரும் மூட்டைத் தொழிலாளி ஒருவர் சொன்னார்: “முறைப்பாசனத்துல இதே சண்டைதான் சார். எல்லாருக்கும் ஆறு நாள்னு சொல்லுவாங்க. மதகு ஓரத்துல இருக்கிறவனுக்கு அது ஆறு நாள். எங்களுக்குத் தண்ணி வந்து சேரவே நாலு நாள் ஆயிடும்.”

அடிகளைக் கூட்டுவதையும் விட்டுவிட்டுப் புள்ளிக்கு மாறினோம். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற ஆங்கிலேய டாக்டருடைய முறை, 1932-இல் வாலசி கிளப்பில் நடப்புக்கு வந்தது. கையிருப்பு போகப் பாரில் முடித்தால் 2 புள்ளி, ஒன்று கூடினால் 1, ஒன்று குறைந்தால் 3, இரண்டோ அதற்கு மேலோ கூடினால் சுழியம். ஒரு ஹோலில் சொதப்பினால் பந்தைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்ததற்கு நடக்கலாம். முன்பெல்லாம் பதினாலு அடி அடித்து முடிக்கும்வரை பின்னால் எட்டு பேர் வெயிலில் நிற்பார்கள்.

போன வருடம் பட்டியல் தயாரித்தபோது பாய்லர் அண்ணனின் கையிருப்பு 4-க்கு இறங்கியிருந்தது. முதலாளிக்கு 6. ஜோடி ஆட்டத்தில் இருவரும் எதிரெதிரே. அதாவது முதலாளி, பாய்லர் அண்ணனிடமிருந்து இரண்டு அடி வாங்க வேண்டும். அண்ணன் பட்டியலைப் பார்த்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

“எனக்கும் ஆறு போட்டுடுங்க சார். முதலாளிக்கு நான் கொடுக்கிறதா? நல்லாவா இருக்கும்?”

அட்டைகளை எடுத்து வைத்தேன். “மாத்தணும்னா இந்த மூணையும் கிழிக்கணும்ணே. கிழிச்சுடவா?”

அவர் மூன்றையும் வரிசையாகப் பார்த்தார். 30, 31, 32. கடைசியை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார்.

போட்டி அன்று ஏழாவது ஹோல் வரை இருவரும் சமம். முதலாளியின் இரண்டாவது இலவச அடி வருவது அங்கேதான். பந்தை வைக்கும் முன் திரும்பி, “இங்கே எனக்கு ஒண்ணு தரணும்ல?” என்றார். “ஆமாங்கய்யா, இருக்கு” என்றார் பாய்லர் அண்ணன், சாக்கை இழுத்துக்கொண்டே.