காணாமல்போன மாடும் பத்தாம் இடத்துச் சூரியனும்

மாமாவுக்குத் திருகோணமலை டவுனுக்கு வடக்கே உப்புவெளியில் வீடு. நில அளவைத் திணைக்களத்தில் சங்கிலியும் தியோடலைட்டுமாகத் திரிந்து ஓய்வு பெற்றவர். இப்போது சாத்திரம் பார்க்கிறார். காசு வாங்குவதில்லை, அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. கட்டம் போடுவது பழைய கொம்பியூட்டரில், விண்டோஸில் மட்டும் ஓடுகிற ஒரு சாதக சொப்ட்வெயாரில்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10ஐ மைக்ரோசொஃப்ட் கைகழுவிவிட்டது. பதினொன்றுக்கு மாறலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது. மாமாவின் பெட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கனடாவில் இருக்கிற மகள், "லினக்ஸ் போடுங்கோ அப்பா" என்று போனில் சொல்லிவிட்டாள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் அது. சொல்வது அவள், போடுவது நான். மாமா சாதகத்தை விடமாட்டார். ஆகவே ஒரே டிஸ்க்கில் இரண்டும். வீடியோ கோல், யூடியூப், பேங்க் எல்லாம் லினக்ஸில் ஒரு வகையான மின்டில்; விண்டோஸ், இன்டர்நெட் இல்லாமல், சாதகத்துக்கு மட்டும்.

முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் கொப்பி எடுத்தேன். (நீங்கள் எடுக்காமல் இந்த வேலையில் இறங்கினால் பிறகு எனக்குக் கோல் எடுக்க வேண்டாம்.) பிறகு டிஸ்க் எப்படித் துண்டு துண்டாகப் பிரிந்திருக்கிறது என்று காட்டுகிற பார்ட்டிஷன் படத்தைத் திறந்தேன். அதோடு மாமாவின் பழைய உத்தியோகம் விழித்துக்கொண்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதிரையைக் கிட்ட இழுத்தார்.

"மருமோன், 500 ஜீபி எண்டுதானே வாங்கினது? இதில 465 எண்டு நிக்குது. மிச்சம் 35 எங்க?"

"செய்யிற கம்பனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது மாமா. விண்டோஸ் 1024, 1024 ஆ எண்ணுது. இடம் ஒண்டுதான்."

"அளவுகோலை மாத்தி வித்திருக்கிறான். காணியெண்டா கோட்டுக்குப் போயிருப்பன்."

சீ ட்ரைவில் பாதிக்கு மேல் வெறுமையாகத்தான் கிடந்தது. ஆனால் சுருக்கப் போனால் கொஞ்சத்துக்கு மேல் விடமாட்டேன் என்றது விண்டோஸ். பேஜ்ஃபைல், ஹைபர்நேஷன் ஃபைல் என்று அசைக்க முடியாத ஃபைல்கள் நடுவில் கிடந்தால் அவற்றைத் தாண்டி உள்ளே எல்லை போட அது சம்மதிக்காது. விளங்கப்படுத்தினேன்.

"அத்துமீறிக் குடியிருக்கிறவை. எழுப்பும்."

ஹைபர்நேஷனை நிறுத்தி, பேஜ்ஃபைலையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் பண்ணினேன். 200 ஜீபி வாயைத் திறக்காமல் வந்தது.

"இன்னும் எத்தனை துண்டு போடலாம்?"

"இது டிஸ்க்கைத் துண்டு போடுற பழைய எம்பிஆர் முறை மாமா. நாலு பிரைமரித் துண்டுக்கு மேல ஏலாது."

"நாலு பிள்ளைக்கு மேல பெத்தவன் என்ன செய்யிறது?"

"ஒண்டை எக்ஸ்டென்டட் ஆக்கி அதுக்குள்ள உள்துண்டு வெட்டலாம். புது ஜிபிடி முறையெண்டா 128 வரைக்கும் போகலாம்."

"128!" மாமா குசினிப் பக்கம் திரும்பினார். "இஞ்சேரும், கேட்டீரே?"

"தேத்தண்ணி ஆறுது" என்றார் மாமி.

மின்ட் பிரச்சினையில்லாமல் ஏறியது. பெட்டியைப் போட்டால் எது வேண்டும் என்று பட்டியல் காட்டியது. நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் மாமி கோல் எடுத்தார், கொம்பியூட்டரில் நேரம் பிழையாக நிற்குதாம். போனேன். பெட்டிக்குள் இருக்கிற மணிக்கூடு ஒன்றுதான். அதில் உள்ளதை உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நம்பும். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதிவைத்துவிட்டு, இலங்கைக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டிக் காட்டும். காலையில் மாமி லினக்ஸில் மகளோடு கதைத்துவிட்டு நிறுத்த, பின்னேரம் மாமா விண்டோஸைத் திறந்தால் அது ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்கு நிற்கும். இன்டர்நெட் இல்லாதபடியால் தானாகத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. லினக்ஸையும் உள்ளூர் நேரத்தையே எழுத வைக்க ஒரு வரிக் கட்டளை போதும். அதைத் தட்டப்போன நேரத்தில்தான் மாட்டுக் கதை வெளியில் வந்தது.

முதல் நாள் விளக்கு வைக்கிற நேரம் பக்கத்து வளவு அக்கா ஓடி வந்திருக்கிறார், மாட்டைக் காணேல்லையாம். மாமா அந்த நேரத்துக்குக் கட்டம் போட்டிருக்கிறார். சூரியன் பத்தாம் இடத்தில். பத்து என்றால் தெற்கு. "தெற்கால, டவுன் பக்கம் தேடுங்கோ" என்றிருக்கிறார். டவுன் பஸ் ஸ்டாண்டடியில், நம்மூர் மான் கூட்டத்துக்கு நடுவில், தானும் ஒரு மான் என்ற நினைப்பில் நின்றதாம் மாடு.

"மாமா, அப்ப நேரம் ஆறு மணி. விண்டோஸ் பன்னிரண்டரை எண்டு காட்டியிருக்கு. பொழுது படக்குள்ள சூரியன் எப்படி உச்சியில நிக்கும்?"

மாமா பேசாமல் ஆறு மணி போட்டு மறுபடி பார்த்தார். சூரியன் ஏழில். ஏழு மேற்கு.

"மேற்கெண்டா கன்னியாப் பக்கம்."

"ஓம் மாமா."

"அப்ப சரியான நேரத்தில பாத்திருந்தா மாடு கிடைச்சிராது?"

நான் என்ன சொல்ல? ஓமென்றேன்.

மாமா கீபோர்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அந்த மணிக்கூட்டில கை வைக்காதையும் மருமோன். மாட்டுக்குப் பாக்கக்குள்ள விண்டோஸ் நேரம். மற்றதுக்கு நான் சுவர் மணிக்கூட்டைப் பாத்து அடிக்கிறன்."