லாமார்த்தீன் தோற்ற வருஷம்

பிரெஞ்சு படித்தவர்களிடம் அல்போன்ஸ் டி லாமார்த்தீன் என்று சொன்னால் அவருடைய 'ஏரி' கவிதையைச் சொல்வார்கள். எனக்கு அவர் என்றால் 1848.

அவர் முதலில் தூதரக உத்தியோகஸ்தர். நேப்பிள்ஸ், பிறகு ஃபுளோரன்ஸ். 1830 புரட்சியோடு வேலையை விட்டார். 1832-ல் மனைவி, மகள் ஜூலியாவோடு கிழக்கே கப்பலேறினார். பெய்ரூட்டில் பத்து வயது ஜூலியா இறந்துபோனாள். அவர் ஊர் திரும்புவதற்குள் பெர்க் தொகுதி வாக்காளர்கள் அவரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மகளைப் பறிகொடுத்த கையோடு அரசியல்.

1848 பிப்ரவரியில் மன்னராட்சி கவிழ்ந்தது. தற்காலிக அரசில் அவர் வெளியுறவு அமைச்சர். 25-ஆம் தேதி பாரிஸ் நகர மண்டபத்தின் முன்னால் ஆயுதமேந்திய கூட்டம், செங்கொடி வேண்டும் என்று. செங்கொடி மக்களின் ரத்தத்தில் இழுபட்டு ஒரு மைதானத்தைத்தான் சுற்றியது, மூவர்ணக்கொடி உலகத்தையே சுற்றி வந்தது என்று பேசினார் லாமார்த்தீன். மூவர்ணம் நிலைத்தது. காலனிகளில் அடிமைமுறையை ஒழித்ததும் அந்த அரசுதான். ஏப்ரல் தேர்தலில் பத்து மாவட்டங்களில் ஜெயித்தார். ஏறக்குறைய 16 லட்சம் வாக்கு.

அப்புறம் சரிவு. தீவிரக் குடியரசுவாதி லெத்ரூ-ரோலனை ஆட்சிக் குழுவில் சேர்த்தே ஆகவேண்டும் என்று நின்றார், வலதுசாரிகள் விலகினார்கள். ஜூனில் பாரிஸ் தொழிலாளர் கிளர்ச்சியை ராணுவம் அடக்கித் தெருக்களில் ரத்தம் ஓடியதும் இடதுசாரிகளும் கைவிட்டார்கள்.

அக்டோபர் 6-ஆம் தேதி அவர் பேசியதற்காகத்தான் அவரை மதிக்கிறேன். ஜனாதிபதியைச் சபை தேர்ந்தெடுப்பதா, மக்கள் நேரடியாகவா என்று விவாதம். போனபார்ட் என்ற பெயருக்குக் கிராமங்களில் இருந்த மவுசு சபைக்குத் தெரியும். ஆனாலும் மக்களிடமே விடுங்கள், தவறாகத் தேர்ந்தெடுத்தால் பலனையும் அவர்களே ஏற்கட்டும் என்று வாதாடினார். தானே வரலாம் என்ற ஆசையும் அவருக்கு இருந்திருக்கலாம். இருந்தாலும் அந்த வாதம் சரியானது. சபையும் அப்படியே முடிவெடுத்தது.

டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலில், நெப்போலியன் போனபார்ட்டின் தம்பி மகன் லூயி நெப்போலியனுக்கு சுமார் 54 லட்சம் வாக்கு. லாமார்த்தீனுக்கு 20,000 அளவில்.

தேர்தல் பணியில் வாக்கு எண்ணும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நாலாவது, ஐந்தாவது சுற்றிலேயே டெபாசிட் போவது தெரிந்துவிடும். அந்த வேட்பாளரின் ஏஜென்ட் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் எழுந்து போவார். மக்கள் தீர்ப்பை ஏற்கிறேன் என்று வெளியே மைக்கில் சொல்வதெல்லாம் பிறகு. அந்தத் தீர்ப்புக்காக முன்கூட்டியே வாதாடிவிட்டு, அதில் தோற்றவர் இவர்.

மூன்றே வருஷத்தில் லூயி நெப்போலியன் குடியரசைக் கவிழ்த்தார். லாமார்த்தீனுக்குக் கழுத்துவரை கடன். அதை அடைக்க மாதாமாதம் இலக்கியப் பாடம் எழுதி விற்றார். சிறுவயதில் வளர்ந்த மில்லி வீடும் விலைக்குப் போனது. 1867-ல் அதே நெப்போலியனின் அரசு கொடுத்த உதவித்தொகையை வாங்கிக்கொண்டார். இரண்டு வருஷத்தில் இறந்துபோனார்.