ஊட்டியில் சொரியாசிஸோடு ஏழு குளிர்காலம்

திருநெல்வேலியில் இருந்தவரை எனக்குச் சொரியாசிஸ் என்பது இரண்டு முழங்கையிலும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இருந்த வெள்ளைச் செதில், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் தடவினால் அடங்கிவிடும். 2017 ஜூனில் ஆசிரியர் பணி மாற்றலாகி ஊட்டிக்கு வந்தேன். முதல் ஐந்தாறு மாதம் ஒன்றும் தெரியவில்லை. டிசம்பர் கடைசியில், புல்தரையில் உறைபனி உப்புக் கொட்டியதுபோல் கிடந்த ஒரு காலையில் ஸ்வெட்டரைக் கழற்றினால், உள்பக்கம் முழுக்கச் செதில். முழங்கால், இடுப்பு, காதுக்குப் பின்னால், தலை என்று எல்லா இடத்துக்கும் பரவியிருந்தது.

அந்த வருடம் நான் செய்ததெல்லாம் தப்பு. அந்தக் குளிரில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் இருபது நிமிடம் குளிப்பேன். ஊற்றும்போது அரிப்பு அடங்கி அவ்வளவு சுகமாக இருக்கும். துவட்டிப் பத்து நிமிடத்தில் தோல் இழுக்க ஆரம்பிக்கும், அரிப்பு முன்னைவிடக் கூடும். செதிலை நார் போட்டுத் தேய்த்து எடுத்தேன். தேய்த்த இடத்தில், நகம் பட்ட கோட்டின் மேலேயே, புதுப் படை கிளம்பியது. தோலில் காயம் பட்டால் அந்த இடத்திலேயே சொரியாசிஸ் வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய தப்பு அடுத்தது. தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு கிளினிக்குக்குப் போனேன். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்தார்கள். என்ன மாத்திரை என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் தோல் சுத்தமாகிவிட்டது. சந்தோஷத்தில் அம்மாவுக்கு போன் பண்ணி அழுதேன். மாத்திரை தீர்ந்த மூன்றாவது வாரம் முதுகு, வயிறு, தொடை எல்லாம் சிவந்து எரிந்தது, ராத்திரியில் குளிர் நடுக்கம் வேறு. கோயம்புத்தூரில் ஒரு தோல் டாக்டரிடம் காலி அட்டையைக் காட்டினேன். அது ஸ்டீராய்டு. சொரியாசிஸுக்கு ஸ்டீராய்டை மாத்திரையாகவோ ஊசியாகவோ கொடுத்து நிறுத்தினால் நோய் பல மடங்காகத் திரும்பலாம், சிலருக்குச் சீழ்க் கொப்புளம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலைகூட வரும் என்று அவர் சொன்னார். இதைப் படிக்கும் யாராவது இப்போது அப்படி ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அட்டையை எடுத்துக்கொண்டு தோல் டாக்டரைப் போய்ப் பாருங்கள்.

அவர் ஒரு விஷயத்தைப் பொறுமையாக விளக்கினார். தோலின் அடியில் உருவாகும் செல் மேலே வந்து உதிரச் சாதாரணமாக ஒரு மாதம் பிடிக்கும். எனக்கு அது நான்கைந்து நாளில் நடக்கிறது. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் தோலையே தூண்டிவிடுவதால் வருவது இது. அழுக்கால் வருவதில்லை, தொட்டால் ஒட்டாது. இந்தக் கடைசி வரியை நான் பள்ளியில் பலமுறை சொல்லவேண்டி வந்தது. ஒருமுறை பிரசாதம் கொடுத்துவந்த ஒரு அம்மா, நான் கை நீட்டியதும் தொன்னையை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இருக்கிறது.

அந்த டாக்டர் எழுதித் தந்தது இது: முதலில் தடித்த இடங்களுக்கு, குறைந்த நாட்களுக்கு மட்டும், ஸ்டீராய்டு ஆயின்மென்ட், அப்புறம் கால்சிபோட்ரியால் என்ற வைட்டமின் டி வகைப் பூச்சு மருந்து, தலைக்குத் தார் கலந்த ஷாம்பு. ஆட்காட்டி விரலின் மேல்கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம், அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும் என்று அளவும் சொல்லிக்கொடுத்தார். அடுத்த வருடம் புற ஊதா ஒளி சிகிச்சை எழுதினார். நல்ல பலன் இருந்தது. ஆனால் வாரம் இரண்டு நாள் மலையிறங்கிக் கோயம்புத்தூர் போய்வருவது ஆறு வாரத்துக்கு மேல் என்னால் முடியவில்லை.

மூன்றாவது வருடம்தான் எனக்கு உறைத்தது. தோல் தெளிவாக இருக்கும் மாதங்களில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறேன், பனி விழுந்த பிறகு மருந்தைத் தேடி ஓடுகிறேன். இப்போது ஐப்பசி பிறந்ததும் ஆரம்பித்துவிடுகிறேன். மழையும் மூடுபனியுமாக வெயில் மறையும் காலம் அது. அதன் பிறகு மார்கழி, தையில் காற்று காய்ந்துபோய்விடும். அதற்குள் தோல் தயாராக இருக்கவேண்டும்.

குளியல் வெதுவெதுப்பான தண்ணீரில், ஏழெட்டு நிமிடம். சோப்பு அக்குளுக்கும் காலுக்கும் மட்டும். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதாகக் காயும் முன்பே வாசனையில்லாத வெள்ளை வாசலினைத் தடவிவிடுவேன். இது பிசுபிசுக்கும், உடுப்பில் ஒட்டும். ஆனாலும் வாசனை லோஷன்களை எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப இதற்கே வந்தேன். மேலே முழுக்கைப் பருத்தி பனியன், அதற்கு மேல்தான் ஸ்வெட்டர். கம்பளி நேராகத் தோலில் படக்கூடாது. ஊட்டிக்காரர்களுக்கு முக்கியமாக ஒன்று: வாசலின் ஊறிய துணி சீக்கிரம் தீப்பிடிக்கும். அந்த உடுப்போடு கரி அடுப்புப் பக்கத்தில் குளிர்காய உட்காராதீர்கள், அதை அடிக்கடி துவைத்துவிடுங்கள்.

வெயில் அடிக்கிற நாளில் இடைவேளை நேரத்தில் பத்து நிமிடம் கையை நீட்டி உட்காருவேன். அதற்கு மேல் வேண்டாம். மலையில் குளிராக இருந்தாலும் வெயில் சுள்ளென்று சுடும், தோல் வெந்தால் அங்கேயும் படை வரும். தொண்டை வலி வந்தாலும் சும்மா இருப்பதில்லை. 2019இல் தொண்டைப் புண் ஆறிய இரண்டு வாரத்தில் உடம்பெல்லாம் சின்னச் சின்னப் புள்ளியாகக் கிளம்பியது.

வெட்பாலைத் தைலத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அம்மா நெல்லை மொட்டைமாடி வெயிலில் இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு, ஊதா நிறம் ஏறியதும் பாட்டிலில் அனுப்புவார். தலையில் செதிலை மெதுவாக இளக்குகிறது, எனக்குப் பிடிக்கும். அதை நம்பி ஆயின்மென்ட்டை விட்ட வருடம் மட்டும் கஷ்டப்பட்டேன்.

2022 ஜனவரியில் காலையில் விரல்கள் மடங்கவில்லை. சாக்பீஸ் பிடிக்க முடியாது. ஊட்டியில் யாருக்குத்தான் காலையில் விரல் விறைக்காது என்று இரண்டு மாதம் விட்டுவிட்டேன். வெந்நீரில் கை வைத்த பிறகும் ஒரு மணி நேரம் விறைப்பு போகவில்லை, ஒரு விரல் முழுதாக வீங்கியது, நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள். சொரியாசிஸால் வரும் மூட்டுவாதம் என்று தெரிந்தது. விட்டுவிட்டால் மூட்டு நிரந்தரமாகக் கோணிப்போகலாம் என்றார் மூட்டு டாக்டர். அப்போதிலிருந்து மெத்தோட்ரெக்சேட் என்ற, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை, வாரத்துக்கு ஒரே நாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை. காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், ஏனென்றால் இதைத் தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட் மாத்திரை, குறித்த இடைவெளியில் ரத்தப் பரிசோதனை. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் இதை எடுக்கக்கூடாது, டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

போன தையில் முழங்கையில் அதே ஒரு ரூபாய் அளவுதான் இருந்தது. தலையில் கொஞ்சம். விரல் மடங்குகிறது, கரும்பலகையில் என் கையெழுத்து பழையபடி நேராக வருகிறது. அம்மாவின் ஊதா பாட்டில் இந்த வாரம் வந்துசேரும்.