குப்பைமேனியும் எங்கள் வீட்டுக் குடிகாரியும்

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடித் தொட்டிகளில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். வெண்டைக்குப் போட்ட எருவையெல்லாம் தின்று கொழுத்திருந்தது குப்பைமேனிதான். வேரோடு பிடுங்கி ஓரமாகக் குவித்துவிட்டு, தண்ணீர் குடிக்கக் கீழே போய்த் திரும்பினால், எங்கள் பூனை பொட்டு அந்தக் குவியல் மேல் கிடக்கிறாள். முகத்தை வேரில் தேய்க்கிறாள், புரள்கிறாள், வாயோரம் எச்சில் ஒழுகுகிறது. கல்யாண வீடுகளில் பந்தலுக்குப் பின்னால் போய் வரும் மாமாக்களிடம் மட்டுமே நான் கண்டிருக்கும் பார்வை.

"அம்மா, பொட்டு எதையோ தின்னுட்டா!"

அம்மா மூச்சு வாங்க ஏறி வந்தார். வந்த வேகத்திலேயே தொட்டியிலிருந்து நாலு கற்பூரவள்ளி இலையைக் கிள்ளிக் கசக்க ஆரம்பித்தார். பேரனுக்குச் சளி என்றாலும் அதுதான், எனக்குத் தொண்டைக்கட்டு என்றாலும் அதுதான். நல்லவேளை, பொட்டு வாயைத் திறக்கவில்லை.

கூடையில் போட்டு ஆட்டோவில் ஓடினோம். சாட்சிக்கு ஒரு பிடி குப்பைமேனியும் கூடவே வந்தது. கால்நடை மருத்துவர் செடியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இதுக்கு இன்னொரு பேரு பூனைவணங்கி. தெரியாதா சார்?"

செடி மண்ணில் நிற்கும்வரை பூனை சட்டை செய்யாதாம். வேர் வெளியே வந்து நசுங்கினால்தான் அந்த வாசனை. மேல்நாட்டில் பூனைக்குப் போதையேற்றும் கேட்னிப் என்ற செடியைக் காசு கொடுத்து வாங்குகிறார்களே, அதிலிருக்கும் சரக்குக்கு நெருங்கிய சொந்தம். கொஞ்ச நேரத்தில் தானாகத் தெளிந்துவிடும். தெளிந்தும்விட்டது. பொட்டு மேஜையில் உட்கார்ந்து, நான் யாருடனோ வந்தவன் என்பதுபோல் கையை நக்கிக்கொண்டிருந்தாள்.

"மாடியில வேற என்னென்ன வெச்சிருக்கீங்க?"

பெருமையாக அடுக்கினேன். துளசி, கொத்தமல்லிக்குத் தலையாட்டினார். கற்பூரவள்ளி என்றதும் நிமிர்ந்தார்.

"அதைக் கடிக்குமா?"

"அப்பப்போ."

"வாந்தி?"

"அதுவும் அப்பப்போதான்."

அவர் ஒன்றும் சொல்லாமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஃபேனைப் பார்த்தார்.

நமக்கு மருந்தாக இருப்பது பூனையின் வயிற்றைக் கலக்கி வாந்தி, பேதி வரை கொண்டுபோகும் என்றார். சோற்றுக்கற்றாழையைக் கீறினால் வடியும் மஞ்சள் பாலும் அப்படித்தான். பூண்டும் வெங்காயத் தாளும் இன்னும் மோசம், சிவப்பணுக்களையே உடைத்துவிடும். அப்புறம் லில்லி. எங்களிடம் இல்லை, யாராவது பூங்கொத்தில் கொடுத்தாலும் உள்ளே விடாதீர்கள் என்றார். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடுமாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

"நாலு தலைமுறையா தின்னுட்டு வர்றோம், யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஆட்டோவில் அம்மா முணுமுணுத்தார்.

"நாம பூனையில்லையேம்மா."

சாயங்காலமே கற்பூரவள்ளி, கற்றாழை, பூண்டுத் தொட்டி மூன்றும் கம்பிக் கதவு போட்ட மாடிப்படி அறைக்குள் போய்விட்டன.

இதில் ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது. போன மாதம் பொட்டு சோபாவில் வாந்தி எடுத்தபோது, நெத்திலி கெட்டுப்போனது என்று மீன்காரம்மாவைத் தெருவே கேட்க அம்மா ஒரு பிடி பிடித்திருந்தார். புதன்கிழமை அவர் கூடையோடு வந்தார். அம்மா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல் அரைக் கிலோ வாங்கினார். மீன்காரம்மாதான் பயந்துபோய், "உடம்பு கிடம்பு சரியில்லையாக்கா?" என்றார்.